கால்காரர் பார்க்காத தெரு

அவருக்கு முறையான படிப்பு உண்டு, பட்டம் உண்டு, கதவில் பித்தளைப் பலகைகூட உண்டு. ஆனால் அந்தப் பலகையைப் படித்துவிட்டு யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. செயற்கைக்கால் செய்து மாட்டிவிடுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கால்காரர். வாசலில் நின்று "கால்காரர் இருக்காரா?" என்று கேட்டால், "இருக்கேன், உள்ள வாங்க" என்று அவரே குரல் கொடுப்பார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. தலை மட்டும் அவசரப்பட்டு வழுக்கையாகிவிட்டது.

லேப் அக்காவின் பெயரும் இப்படித்தான் காணாமல் போயிருந்தது. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வேதியியல் கூடத்தில் அவள் உதவியாளர். கரைசல் கலந்து வைப்பது, குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, "எதையும் மோந்து பாக்காதே, தொட்டுப் பாக்காதே" என்று நாள் முழுக்கக் கத்துவது, இதுதான் உத்தியோகம். பிள்ளைகள் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கோபம் வந்தால் கணவரே, "லேப் அக்காவுக்கு இன்னைக்கு என்னவாம்?" என்பார். ஒரு மழைநாளில் சறுக்கிக்கொண்டு வந்த லாரி ஒன்று, முழங்காலுக்குக் கீழே அவளுடைய இடதுகாலை வாங்கிக்கொண்டு போயிற்று. அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். நாமும் விட்டுவிடலாம்.

கால்காரரின் பட்டறை பக்கத்து ஊரில் இருந்தது. புதுக்கால் பழகும்வரை மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது அங்கே போய்வர வேண்டும். கணவருக்கு வேலை தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஒரு வீட்டில் குழாய் வறண்டுவிட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு உலகத்தில் இவரைத் தவிர வேறு யார் ஞாபகமும் வராது. அதனால் லேப் அக்காவுக்குத் துணையாகப் போனது அவளுடைய நாத்தனார். கணவருக்கு அக்கா, மாடியில் குடியிருப்பவர், வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பயணத்தை லேப் அக்கா அடியோடு வெறுத்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் நிலையத்தில் இடித்துக்கொண்டு போகிற கூட்டம். இறங்கினால் பட்டறைக்கு ஏறுகிற செங்குத்தான சந்து. பல்லைக் கடித்துக்கொண்டு போவாள், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவாள். நாத்தனாருக்கோ அது உல்லாசப் பயணம். காலையிலேயே தலைவாரிப் பவுடர் போட்டுக் கைப்பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துவைத்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி வாசலில் நிற்பார். இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்ப வரலாறு மொத்தமும் அவர் கைக்கு வந்துவிடும்.

ஒருநாள் கால்காரர் சொன்னார். "இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்மா. வீடியோ கால் போதும். நீங்க நடந்து காட்டுங்க, நான் இங்கருந்தே பாத்துச் சொல்றேன். திருகு முடுக்க வீட்டுல ஆள் இருக்குல்ல?"

லேப் அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்போது காலின் மிச்சம் இன்னும் முழுதாக ஆறாத சமயம். ஒவ்வொரு பயணம் முடிந்தும் காலைக் கழற்றினால் தோல் சிவந்து கன்றிப் போயிருக்கும். அவள் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள்.

"அப்போ நானும் வர வேண்டாமா?" என்றார் நாத்தனார்.

அது யார் காதிலும் விழவில்லை. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சும்மா சொல்லக்கூடாது, கணவர் அந்த வீடியோ வைத்தியத்துக்கு உயிரைக் கொடுத்து உழைத்தார். நடக்கும்போது பாதம் எப்படிப் பதிகிறது என்று கால்காரர் பார்க்க வேண்டுமே, போனைத் தரைமட்டத்தில் பிடித்துக்கொண்டு யார் தவழ்வது? பழைய ரோலர் ஸ்கேட் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். குழாய் கிளிப்பை அதில் திருகி, கிளிப்பில் போனை நிறுத்தி, முன்னால் ஒரு கயிறு கட்டினார். ஹாலிலிருந்து சமையலறை வரை போகும் நடைவழியில் அவர் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடப்பார். ஸ்கேட் உருளும். போனுக்குள் கால்காரரின் வழுக்கை மின்னும். பின்னாலேயே லேப் அக்கா நடந்து வருவாள். ஊர்வலத்துக்கு மேளம்தான் பாக்கி.

"கணுக்கால் பக்கத்துத் திருகை அரைச்சுத்து உள்ளே விடுங்க" என்பார் கால்காரர். கணவர் அலன் கீ என்கிற திருகுச் சாவியை எடுத்து முடுக்குவார். மறுபடியும் ஊர்வலம். இப்படியே அவளுடைய நடை நாளுக்கு நாள் நேராகி வந்தது. கடைசியில் ஒருநாள் கால்காரர் வாயெல்லாம் பல்லாக, "எது நெஜக்கால், எது என் கால்னு எனக்கே தெரியலைம்மா" என்றார். தான் செய்த காலை அவர் 'என் கால்' என்றுதான் சொல்வார். அன்றைக்கு லேப் அக்கா அழுதாள். கணவர் போனைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. காய்கறி போனில் சொன்னால் வந்தது. மாத்திரையும் அப்படியே. வங்கி வேலை போனுக்குள் முடிந்தது. பிறந்த வீட்டாரைத் தினமும் போனில் பார்த்தாகிவிட்டது, அதனால் போகத் தோன்றவில்லை. தையற்கடைக்காரர்கூட அளவுச் சட்டையை வாங்கிப் போக ஆளனுப்பினார். வெளியே இறங்க ஒரு காரணமும் மிச்சமில்லை. இறங்கவேண்டாம் என்று அவள் முடிவெடுக்கவும் இல்லை. மாதக்கணக்கில் வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவள் போகவில்லை என்பது, அவளுக்கே தெரியாமல் நடந்து முடிந்திருந்தது.

விடுமுறை முடியப் போகிற சமயத்தில் தலைமையாசிரியை அழைத்தார்.

"உங்க இடத்துல இன்னும் ஆள் போடாம இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கேன். பள்ளிக்கூடம் திறக்குற அன்னைக்கு நீங்க கூடத்துல நிக்கணும். வரலைன்னா மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன் டீச்சர். இப்போ ஜோரா நடக்கிறேன்."

பொய்யில்லை. அவள் ஜோராகத்தான் நடந்தாள். அந்த வேலை அவளுக்கு வெறும் வேலையில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அந்தக் கூடத்தின் அலமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புட்டி இருக்கிறது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்துத்தான் அவள் தூங்கியிருக்கிறாள்.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மறுநாளே தனியாகக் கிளம்பினாள். பள்ளி தூரமில்லை, அதே நீளத் தெருவின் கோடியில். கொஞ்ச தூரம் போனதுமே என்னவோ சரியில்லை என்று பட்டது. தரை சமமாக இல்லை. ஒரு கை தானாகவே மதில்சுவரைத் தேடியது. சுவர் முடிகிற இடத்தில், பள்ளி வாசலுக்குச் சற்று முன்னால், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை. சாலை ஒரு பக்கமாகச் சரிந்து, மேலே சரளைக்கல் கொட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். இடதுகாலை அதில் வைத்தாள். கல் நகர்ந்தது. கால் அதன் போக்கில் போயிற்று. எதிரே வந்த யாரோ ஒருவரின் சட்டைக் கையைப் பிடித்துத் தொங்காத குறை.

அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை அப்படியே விட்டுவைத்து, அவளை நிமிர்த்தி, தான் போக வேண்டிய திசையை விட்டுவிட்டு அவள் வீட்டுத் திருப்பம் வரை கூடவே நடந்து வந்தார். அவர் யாரென்று லேப் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தச் சட்டைக் கையின் கோடுகள் அவளுக்கு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தாள். "கால்ல ஏதோ கோளாறுங்க. பள்ளிக்கூடத்து வாசல்கிட்ட ஒரு சின்னப் பள்ளம், அதுல காலை வாரி விட்டுருச்சு."

கால்காரர் பதறிவிட்டார். கணவர் மோட்டார் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். ரோலர் ஸ்கேட் வெளியே வந்தது. நடைவழியில் ஊர்வலம் நடந்தது. நடை, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் கால்காரர். "எதுக்கும் கால்பங்கு சுத்து வெளியே விடுங்க."

விட்டார்கள். மறுநாள் வாசலில் இறங்கிப் பார்த்தாள். அதே நடுக்கம். மறுபடி அழைப்பு, மறுபடி ஊர்வலம், மறுபடி திருகு. நடைவழியில் அவள் ராணி. தெருவில் இறங்கினால் நாலு அடியில் உடம்பு வேர்த்துவிடும். கால்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் குறை தட்டுப்படவில்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய், "ஒரு தடவை நேர்ல வந்துருங்கம்மா, கழட்டிப் பாத்துருவோம்" என்றார்.

லேப் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "அங்க வர முடிஞ்சா நான் பள்ளிக்கூடத்துக்கே போயிருவேனே, உங்களை ஏன் கூப்பிடுறேன்?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பிறகு, அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று அதற்கும் அழுதாள். பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தலைமையாசிரியையைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்தாள்.

அன்று பிற்பகல் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஆறுதல் சொல்லுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"கால் கெட்டுப்போச்சு, கால் கெட்டுப்போச்சுன்னு உக்காந்து அழு. அன்னைக்குப் புதுசா, புண்ணோட, திருகெல்லாம் கோணலா இருந்தப்போ பஸ் நிலையத்துல என் கையைத் தட்டிவிட்டுட்டு முன்னாடி போனவ நீதானே. நான் பையைத் தூக்கிட்டு உன் பின்னால ஓடினேன்."

"எப்போ அண்ணி?"

"எப்போவா? அந்தக் கடைசித் தடவை. பஸ் கிளம்பிருமுன்னு. மறந்துட்டியா? எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

லேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். வேதியியல் கூடத்தில் அவள் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லுகிற ஒரு விஷயம் உண்டு. சோதனை தப்பாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் எதனால் தப்பு வந்தது என்று தெரியும். இத்தனை நாளாக அவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தது திருகை. நடைவழியை மாற்றவே இல்லை. அதே வழவழத்தரை, அதே நீளம், எந்த இடத்தில் ஓடு சற்றுத் தூக்கலாக இருக்கிறது என்பதுகூடப் பாதத்துக்கு மனப்பாடம். அன்றைக்குக் கால் மோசம், தெரு பழக்கம். இன்றைக்குக் கால் அருமை, தெரு அந்நியம்.

அவள் வெறுத்த அந்த இரண்டு பஸ்ஸும், இடித்த கூட்டமும், ஏறிய சந்தும்தான் அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தன. பட்டறையில் திருகு முடுக்கியது சின்ன வேலை. பெரிய வேலை வழியில் நடந்திருக்கிறது. அது கால்காரருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வலிக்க வேண்டாமே என்று எல்லோருமாகச் சேர்ந்து அன்போடு அந்த வழியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள்.

"அண்ணி, நாளைக்குப் பட்டறைக்குப் போலாமா?"

நாத்தனாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "போலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். கொஞ்ச நேரத்தில் மேலே இரும்பு அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கைப்பையைத் தேடுகிறார் என்று அர்த்தம்.

மறுநாள் பஸ் நிறுத்தம் வரை சுவரைத் தொட்டுத் தொட்டுப் போய்விட்டாள். பள்ளி இருந்த திசைக்கு இது எதிர்த்திசை. பஸ் வந்து நின்றது. படி எப்போதும் இவ்வளவு உயரமாகவா இருந்தது? கம்பியைப் பிடித்தாள். எந்தக் காலை முதலில் தூக்குவது என்று தெரியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். "நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க" என்று எல்லாரையும் ஏற்றிவிட்டாள். பஸ் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நாத்தனார் திட்டவில்லை. போனை எடுத்துக் கால்காரரை வீடியோவில் கூப்பிட்டார். நலம் விசாரிக்க நேரமில்லை. போனைத் தலைகீழாகப் பிடித்துத் தரைப் பக்கம் காட்டினார். "நல்லாப் பாத்துக்கோங்க. இது பஸ் ஸ்டாப்பு. இது நடைமேடை விளிம்பு. பஸ் படியும் ஏற மாட்டேங்குறா, இதுல இறங்கவும் மாட்டேங்குறா."

போனுக்குள் அவருடைய வழுக்கை திரைக்குக் கிட்டே குனிந்தது. பிறகு கால்காரர், "இந்த விளிம்பு இவ்வளவு உயரமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் இதையெல்லாம் பாக்கவே இல்லையேம்மா. உங்க நடைவழியைத்தானே பாத்துட்டு இருந்தேன்."

"இப்போ பாருங்க" என்றாள் லேப் அக்கா.

"சரி. ஏறும்போது எந்தக் கால் முதல்ல?"

"நல்ல கால்."

"இறங்கும்போது?"

"உங்க கால்."

"அவ்வளவுதான். ஞாபகம் இருக்கு பாருங்க. இறங்குங்க."

இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். அடுத்த பஸ் வருவதற்குள் நடைமேடை விளிம்பில் ஏறி இறங்கியே முகம் சிவந்துவிட்டது. அங்கே நின்றிருந்த சிலர், இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். நாத்தனார் அவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டே போனைக் கால் பக்கமாகப் பிடித்திருந்தார். பஸ் வந்ததும் லேப் அக்கா கம்பியைப் பிடித்து நல்ல காலை வைத்தாள். மற்றது தானாகப் பின்னால் வந்தது.

பஸ் கிளம்பிய வேகத்தில் நாத்தனாருக்குக் கம்பி பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை அப்படியே பைக்குள் போட்டார். பிஸ்கட் பொட்டலத்துக்குப் பக்கத்திலிருந்து கால்காரரின் குரல் வந்துகொண்டே இருந்தது. "உக்காரும்போது முழங்காலை மடக்குங்க... ஹலோ... இருட்டா இருக்கே... அம்மா, விழுந்துட்டீங்களா?" பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பையையே பார்த்தார். லேப் அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பையைத் திறந்து, "விழலைங்க, ஒக்காந்துட்டேன், வேலையைப் பாருங்க, நேர்ல வர்றோம்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் வெளியில் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் அதற்குள் அந்தப் பக்கத்து சீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

பஸ் நிலையத்தில் இடித்தார்கள். இடித்தது நல்லதாகப் போயிற்று. எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்தக் காலில் எடையைப் போட வேண்டும் என்று உடம்புக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால், உங்க கால் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். இறங்கும்போது சொல்ல மறந்துவிட்டாள், ஆனால் இறங்கிவிட்டாள்.

சந்தின் உச்சியில் கால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஏறி வருகிற ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே நின்றார். கிட்டே வந்ததும், "கழட்டிப் பாக்கணுமா?" என்று கேட்டாள்.

"கால்ல ஒண்ணும் இல்லைம்மா. அது உங்களுக்கும் தெரியும்னு நெனைக்கிறேன்."

"தெரியும்."

"நல்லது பண்றேன்னு நெனச்சுத்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

"நல்லதுதான் பண்ணீங்க" என்றாள் லேப் அக்கா. அதை மனதாரத்தான் சொன்னாள். புண் ஆறாத அந்த மாதங்களில் போன் இல்லாமல் இருந்திருந்தால் அவள் பாதி வழியிலேயே காலைக் கழற்றி எறிந்திருப்பாள். போன் அவளைத் தாங்கிப் பிடித்தது. அதற்கு அவள் கொஞ்சமா கடன்பட்டிருக்கிறாள்? தாங்கிய கையை எப்போது விட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. "நீங்க அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதும் சரி. இன்னைக்கு நான் வந்ததும் சரி."

கால்காரர் டீ போட்டுக் கொடுத்தார். அலன் கீயைத் தொடவே இல்லை.

"அடுத்து எப்போ வரட்டும்?"

"காலைப் பாக்க நீங்க வரவே வேண்டாம்" என்றார். பிறகு, "ஆனா நாளைக்கும் வாங்களேன்" என்றார்.

பள்ளி திறக்கும்வரை நாத்தனாரும் அவளும் தினமும் போனார்கள். ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு பஸ் மாறிப் போய், டீ குடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பினார்கள். காய்கறிக்காரருக்குப் போன் போவது நின்றது, அவளே போய் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அவள் அம்மா, கையிலிருந்த போனைப் பார்த்தார், வாசலில் நின்றவளைப் பார்த்தார், எதை நம்புவது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

கால்காரரும் மாறிவிட்டார். வீடியோவில் வருகிறவர்களிடமெல்லாம் "வீட்டுக்குள்ள நடந்தது போதும், உங்க தெருவைக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். வெளியே வரப் பயப்படுகிறவர்களுக்குத் துணை யார்? அதற்கும் வழி பிறந்தது. "எங்க அண்ணியை அனுப்பட்டுமா?" என்று லேப் அக்காதான் கேட்டாள். இப்போதெல்லாம் வாரத்தில் பாதி நாள் நாத்தனாரின் போன் அடிக்கிறது, யாராவது ஒருவர் எந்த பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார் என்று சொல்லுகிறது. அவர் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

பள்ளி திறக்கிற அன்று காலையில் கணவர் தன் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

"கொண்டு போய் விட்டுர்றேன்."

"வேண்டாங்க."

"வாசல் வரைக்கும்தான்."

"உங்களுக்கு யார் வீட்டுலயோ தண்ணி வரலை, போங்க."

அவர் போகவில்லை. அவள் திருப்பத்தில் மறைகிற வரை, கையில் அலன் கீயோடு நின்றார். அதை எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இவ்வளவு நாள் நமக்காகப் பின்பக்கமாகவே நடந்த மனுஷன் என்று லேப் அக்கா நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பார்க்காமலே நடந்தாள்.

நடக்கும்போது மனம் முழுக்கக் கூடத்தில் இருந்தது. இத்தனை மாதம் பூட்டிக்கிடந்த அலமாரியில் எந்தப் புட்டியின் சீட்டு உரிந்து போயிருக்கும், குழாயில் தண்ணீர் வருமா, வராவிட்டால் கணவரைத்தான் கூப்பிட வேண்டும். பின்னாலிருந்து "லேப் அக்கா" என்று ஒரு குரல் வந்தது. பிறகு நாலைந்து குரல். சீருடைப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே, "எந்தக் கால் அக்கா?" என்று கேட்டாள். "நீயே கண்டுபிடி" என்றாள். இடதென்றும் வலதென்றும் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே கூட வந்தார்கள். பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். கையைப் பிடித்தார். "மணி அடிக்கப் போகுது, மேலே போங்க" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

படியேறினாள். கூடம் மேல்மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் அந்தப் பழைய வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது நாற்றம், இவளுக்கு அது வீடு. கவிழ்த்து வைத்த குடுவைகள் கவிழ்த்தபடியே இருந்தன, அவள் வரும்வரை யாரும் நிமிர்த்தவில்லை. மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையைக் கொடுத்த அந்த முகம் தெரியாத மனிதர், கயிறு பிடித்த கணவர், பிஸ்கட் பையோடு ஓடிவந்த அண்ணி, பஸ்ஸில் இடித்த கூட்டம், எல்லாருக்கும் சேர்த்து யாரிடம் போய் நன்றி சொல்வது? போனை எடுத்தாள். கால்காரரை வீடியோவில் கூப்பிட்டாள்.

வழுக்கை முதலில் வந்தது, பிறகு முகம் வந்தது. "வந்துட்டீங்களா? எங்க, நடந்து காட்டுங்க பாக்கலாம்."

"நடையெல்லாம் பாத்தாச்சு. இதைப் பாருங்க."

போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்தாள். கீழே அந்த நீளத் தெரு முழுவதும் தெரிந்தது. அவள் வீட்டுத் திருப்பம், மதில்சுவர், பிள்ளைகள் கூட்டம், பள்ளி வாசல். வந்த வழியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகக் காட்டினாள். கால்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டினீங்க?"

"எந்தப் பள்ளம்?" என்றாள் லேப் அக்கா.

கேட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலுக்குச் சற்று முன்னால், மதில்சுவர் முடிகிற இடத்தில், அது அப்படியே இருந்தது. யாரும் மூடியிருக்கவில்லை.